மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்புச் சேவை – சேவூர்

திருவண்ணாமலை மாவட்டம், ஆரணியை ஒட்டிய பட்டு நெசவூரான சேவூரில் மாற்றுத்திறனாளிகள் அரசு வழியே வேலை தேடுவதற்கான ஏற்பாடு. பதிவு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அல்லது இணையத்தில். சென்னையில் இவர்களுக்கெனத் தனிச் சிறப்பு அலுவலகமும் உண்டு.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணியில் அவர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கி, குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. ஒதுக்கீடு பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனச் சான்று வேண்டும். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்போருக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள், மறுவாழ்வுச் சேவைகளை வட்டார அளவுக்குக் கொண்டுவரும் முயற்சி.

நெசவூரில் சிக்கல் வேறு. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொன்ன 1959ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் துறையில் 25 பேருக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. வீட்டுத் தறி அதன் கண்ணில் படவே இல்லை. அந்த வீடுகளின் குழித்தறியில் கால்தான் மிதியை அழுத்திப் பாவு நூலைப் பிரிக்கும், கை ஊடை நூல் நாடாவை வீசும். கால் வலுவிழந்தவர் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவார். பழைய பாவின் முனையில் புதுப்பாவை இழை இழையாகப் புணைப்பார். விரலும் பொறுமையும் கேட்கும் வேலை அது. காது கேளாதவருக்குத் தறியில் உட்காரத் தடையேதும் இல்லை. ஆனால் கூலி புடவைக் கணக்கில்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் இவர்கள் இன்னும் 'வேலையற்றோர்'.