220 மீட்டர் நடை

1939, மார்ச் 14. இரவு பதினோரு மணி நெருங்கும் நேரம். பெர்லின் ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலிலிருந்து வயதான மனிதர் ஒருவர் மெள்ள இறங்கினார். எமில் ஹாச்சா. செக்கோஸ்லோவாகியாவின் ஜனாதிபதி. வயது 66. இதய நோயாளி. விமானம் உடம்புக்கு ஆகாது என்பதால்தான் ரயில். துணைக்கு மகள்.

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மகளுக்குப் பூங்கொத்து, கூடவே ஹிட்லர் அனுப்பிய சாக்லேட் பெட்டி! பிறகு ஓட்டலில் காத்திருக்க வைத்துவிட்டார்கள். ஹிட்லர் அங்கே சாவகாசமாக சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, ஆள் அனுப்பி, ஹாச்சா அவர் முன்னால் போய் நின்றபோது நள்ளிரவு ஒரு மணி தாண்டிவிட்டது.

போன இடம் புத்தம் புதுசு. திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய ரீச் சான்ஸலரி. நம் பாஷையில் சொன்னால், ஹிட்லரின் ஆபீஸ். அந்த ஆபீஸை முதலில் சுற்றிப் பார்த்துவிடுவோம். அன்று இரவு நடந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கட்டியவர் ஆல்பர்ட் ஸ்பியர். கட்டி முடித்தபோது அவருக்கு 33 வயதுதான். ஹிட்லருக்கு அவர்மீது அப்படியொரு பிரியம். காரணம் இருக்கிறது. வியன்னா ஓவியக் கல்லூரி ஹிட்லரை இரண்டு தடவை 'வேண்டாம் போ' என்று திருப்பி அனுப்பியிருந்தது. பெரிய கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற ஆசை மட்டும் மனசின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அந்த ஆசைக்குக் கையும் காலும் ஸ்பியர்.

விருந்தாளி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் பெரிய கதவுகளைத் தாண்டி ஒரு முற்றத்துக்குள் நுழையும். சுற்றிலும் உயரமான சுவர். மேலே வானம் மட்டும்தான் தெரியும். படியேறினால் இரண்டு பக்கமும் ஆர்னோ பிரேக்கர் செதுக்கிய பிரம்மாண்ட ஆண் சிலைகள். ஒருவன் கையில் தீப்பந்தம் (கட்சியாம்!), இன்னொருவன் கையில் வாள் (ராணுவம்). அப்புறம் ஒரு சின்ன வரவேற்பு அறை. 'அப்பாடா' என்று மூச்சுவிடுவதற்குள், கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரக் கதவு திறக்கும். உள்ளே சிவப்புப் பளிங்கு மண்டபம். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. வெளிச்சம் கூரையிலிருந்துதான் இறங்கும். அதைத் தாண்டினால் ஒரு வட்ட அறை. அதையும் தாண்டினால்... அடேயப்பா! 146 மீட்டர் நீளத்துக்குப் பளிங்குக் கூடம். வெர்சேல்ஸ் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடிக் கூடத்தைப்போல இரண்டு மடங்கு.

வாசலில் ஆரம்பித்து, கோடியில் இருந்த வரவேற்பு ஹால் போய்ச் சேர 220 மீட்டர் நடை. இத்தனை இடத்தில் ஒரு குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வழி கிடையாது. வருகிறவனைச் சின்னவனாக்குவது ஒன்றுதான் அந்தச் சதுர அடிகள் செய்த வேலை.

அந்தக் கூடத்தில் கம்பளம் விரிக்கவில்லை. பளபள தரை. வெளிநாட்டுத் தூதர்களுக்கு வழுக்குமே என்ற யோசனை வந்தபோது, வழுக்கட்டும், வழுக்குகிற இடத்தில் நடப்பதுதானே அவர்கள் தொழில் என்று ஹிட்லர் சொல்லிவிட்டாராம். இதை எழுதி வைத்திருப்பவர் ஸ்பியர்தான்.

ஹிட்லரின் அறை சுமார் 400 சதுர மீட்டர். மேஜையின் முன்பக்கத்தில், உறையிலிருந்து பாதி உருவிய வாள் ஒன்றை மரத்தில் இழைத்திருந்தார்கள். எதிரே உட்காருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி!

ஹாச்சாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது இந்த அறையில்தான்.

பாவம், அவர் பேச்சை ஆரம்பித்ததே கெஞ்சலில். தன் நாட்டின் விதி ஹிட்லர் கையில் இருக்கிறது, அந்தக் கையில் அது பத்திரமாகவே இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். ஹிட்லர் சுற்றி வளைக்கவில்லை. விடிகாலை ஆறு மணிக்கு ஜெர்மன் படை உள்ளே நுழையும். எதிர்த்தால் நசுக்கப்படுவீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் ரத்தம் சிந்தாது. பக்கத்திலிருந்த கோயரிங் தன் பங்குக்கு, பிராக் நகரத்தின் மேல் குண்டு போட விமானங்கள் தயார் என்றார். ஹாச்சா மயங்கிச் சாய்ந்தார். ஹிட்லரின் சொந்த டாக்டர் மோரல் ஓடிவந்து ஊசி போட்டார். எழுப்பி உட்காரவைத்துப் பேனாவைக் கொடுத்தார்கள். அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்னால் கையெழுத்தானது. அன்று சாயங்காலமே ஹிட்லர் பிராக் கோட்டையில் இருந்தார்.

இத்தனையும் பளிங்கு செய்த வேலையா என்றால், அப்படிச் சொல்வது கட்டடத்துக்கு ரொம்பவே மரியாதை. முந்தைய வருஷம் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செக்கோஸ்லோவாகியாவின் எல்லை அரண்களைத் தாரை வார்த்துவிட்டன. அன்றைய தினம்தான் ஸ்லோவாகியாவும் பிரிந்துபோயிருந்தது. ஹாச்சா ஒரு குடிசையில் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால், அந்தக் கிழவரை நடு ராத்திரியில், தூக்கம் கெட்ட நிலையில், அந்த மண்டபங்களுக்குள் கொண்டுவந்தார்களே... அதில் ஒரு குரூரம் இருக்கிறது. அந்தக் குரூரத்துக்கு வரைபடம் போட்டு, அளவெடுத்து, கல் பதித்துக் கொடுத்தவர் ஸ்பியர்.

ஆசாமி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், இந்தக் கட்டடத்தை ஒரே வருஷத்தில் எழுப்பிய கதையைப் பெருமையாகச் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. பல வருஷங்களுக்கு முன்பே திட்டம் தயாராகி, பழைய வீடுகளை இடிக்கவும் தொடங்கியிருந்தார்கள். அடக்கி வாசித்த விஷயமும் உண்டு. அவருடைய அலுவலகம்தான் புதிய பெர்லினுக்காக யூதக் குடும்பங்களை வீட்டைவிட்டுத் துரத்தியது. அந்தப் புதிய நகரங்களுக்குக் கருங்கல் வேண்டுமென்றுதான் ஃபிளோசன்பர்க், மவுத்ஹௌசன் குவாரிகளுக்குப் பக்கத்தில் 1938-ல் வதைமுகாம்கள் எழுந்தன.

ஹிட்லரின் கடைசி நாட்கள், அதே சான்ஸலரியின் தோட்டத்துக்கு அடியில், தாழ்வான கூரை போட்ட கான்க்ரீட் பொந்துகளில் கழிந்தன. 1945 ஏப்ரல் 30-ல் அங்கேயே செத்தார். மேலே இருந்த கட்டடத்தை யுத்தம் பாதி தின்றது. மிச்சத்தை சோவியத் ஆட்கள் இடித்துத் தள்ளினார்கள்.

ஸ்பியருக்கு நூரம்பர்க்கில் 20 வருஷம் தண்டனை விதித்தார்கள். ஸ்பாண்டாவ் சிறை. பொழுது போக வேண்டுமே? 1954-ல் சிறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடந்த தூரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மனசுக்குள் பெர்லினிலிருந்து கிளம்பி ஆசியா, அமெரிக்கா என்று ஊர் ஊராகக் கடந்தார். 1966-ல் விடுதலையாகிறபோது கணக்கு 31,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நண்பருக்கு ஒரு தந்தி கொடுக்கச் சொன்னார். மெக்சிகோவில், குவாதலஹாராவுக்குத் தெற்கே 35 கிலோமீட்டரில் நிற்கிறேன், வந்து அழைத்துப்போ என்று.