பந்துவீசிய கையை இழந்த டேவ் டிராவெக்கியும் அவரது விசுவாசமும்

1989 ஆம் ஆண்டு ஒகஸ்ட் 10 ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கண்டில்ஸ்ரிக் பார்க் மைதானத்தில் 34 ஆயிரத்துக்கும் அதிகமானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று பந்துவீச வந்தவர் டேவ் டிராவெக்கி. பத்து மாதங்களுக்கு முன்னர் அவரது இடது மேற்கையில் இருந்த கட்டியை அகற்றிய வைத்தியர்கள், கையை உயர்த்த உதவும் டெல்டொயிட் தசையின் பாதியையும் சேர்த்து வெட்டி எடுத்திருந்தார்கள். எலும்பில் நோய் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக அதன் ஒரு பகுதியை உறையவும் வைத்திருந்தார்கள். அவர் பந்து வீசுவது அந்தக் கையால்தான்.

எங்கள் பாடசாலைகளில் ஆடப்படும் எல்லேயைப் பார்த்தவர்களுக்குப் பேஸ்போல் ஓரளவு விளங்கும். மட்டையால் அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஆனால் எல்லேயில் அடிப்பவருக்கு வசதியாகப் பந்தைப் போட்டுக் கொடுப்பவர், பேஸ்போலில் அவருக்கு எதிராளி. சுமார் 18 மீற்றர் தூரத்தில் நின்று, நிலத்தில் படாமல், அடிக்க முடியாதபடி எறிவதே அவருடைய வேலை. ஒவ்வொரு எறிதலின்போதும் மேற்கை எலும்பு கடுமையாக முறுக்கப்படுகிறது. ஆரோக்கியமான எலும்பு அதைத் தாங்கும்.

ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் 1956 இல் பிறந்த டிராவெக்கி, சான் டியேகோ பட்ரெஸ் அணிக்காக 1982 இல் முதன்மை லீக்கில் ஆடத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டு, ரெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் சிறு லீக் ஆட்டக்காரராக இருந்தபோது, அறைத்தோழர் ஒருவருடன் வேதாகமத்தை வாசிக்கத் தொடங்கியதே அவரைக் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் கொண்டுவந்தது. அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1984 இல் ஜோன் பேர்ச் சங்கம் என்ற தீவிர வலதுசாரி அமைப்பின் உறுப்பினராக இருந்ததற்காக அவர் பலத்த விமர்சனத்துக்கு உள்ளானார்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர், அற்புதம் நிகழ்ந்தாலன்றி இனிப் பந்துவீச முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே அவர் திரும்பி வந்த நாளில் எல்லோரும் அதை அற்புதம் என்றே அழைத்தார்கள். சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு எதிராக அவர் எட்டு இன்னிங்ஸ் வீசினார். அவரது அணியான ஜயன்ற்ஸ் 4 – 3 என வென்றது.

அந்த அற்புதத்தின் ஆயுள் ஐந்து நாட்கள். ஒகஸ்ட் 15 ஆம் திகதி கனடாவின் மொன்றியல் நகரில், ஆறாவது இன்னிங்சில் ரிம் ரெயின்ஸ் என்ற வீரருக்கு வீசிய பந்தோடு அவரது மேற்கை எலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. பந்து எங்கோ போக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தார். அந்த ஆட்டத்தின் வெற்றியும் அவருடைய கணக்கிலேயே சேர்ந்தது. ஒக்டோபரில் ஜயன்ற்ஸ் அணி லீக் கிண்ணத்தை வென்ற கொண்டாட்ட நெரிசலில் அதே கை இரண்டாவது தடவையாக முறிந்தது. கட்டியும் திரும்பி வந்திருந்தது. தொடர்ந்து சத்திரசிகிச்சைகள், கதிர்வீச்சு, கிருமித்தொற்று. கடைசியில் 1991 ஜூன் 18 ஆம் திகதி, நியூயோர்க்கில் அந்தக் கையைத் தோளோடு அகற்றினார்கள்.

அமெரிக்க விளையாட்டு வீரர்கள் வெற்றிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது வழமை. எதிரணியில் செபித்தவனின் நிலை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. டிராவெக்கியின் எழுத்துகள் கவனத்துக்குரியவையாக இருப்பது, அந்த வழமையான சாட்சியம் அவரிடம் நிலைக்காமல் போனதால்தான். 1990 இல் வெளிவந்த முதல் நூலின் பெயர் மீண்டு வருவதைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் மனைவி ஜானுடன் சேர்ந்து எழுதிய நூலின் பெயரோ, மீண்டு வர முடியாதபோது என்ற பொருளைக் கொண்டது. முதல் நூலில் அற்புதத்தைப் பேசியவருக்கு, இரண்டாவதில் அந்த அற்புதம் எதற்காக வந்து எதற்காகப் போனது என்று பேச வேண்டியிருந்தது.

அவர் கொடுக்கும் பதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஏன் தனக்கு இப்படி நேர்ந்தது என்பது தெரியாது என்கிறார். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று நம்புகிறார். அதேவேளை மனச்சோர்வில் விழுந்ததையும், கோபப்பட்டதையும், மனைவியும் அதே இருளுக்குள் போனதையும், இருவரும் உளவள ஆலோசனையை நாடியதையும் மறைக்கவில்லை. விசுவாசம் உள்ளவன் அழக்கூடாது, மனம் உடையக்கூடாது என்று சொல்லும் மதச் சூழலில் இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அவரை விடவில்லை. சிறுவயதில் இருந்தே அவரை எல்லோரும் அறிந்தது அந்தக் கையால். சம்பளமும் பெயரும் மதிப்பும் அதனால் வந்தவை. கை போனபின் எஞ்சியிருக்கும் மனிதனுக்கு என்ன பெறுமதி? 1996 இல் ஒரு நூல் முழுவதையும் இதற்காகவே ஒதுக்கினார். ஒருவன் எதைச் செய்ய வல்லவன் என்பதை வைத்துக் கடவுள் அவனை அளப்பதில்லை என்பது அவர் கண்டடைந்தது. விசுவாசம் இல்லாதவர்கள் அந்தப் பதிலை ஏற்காமல் விடலாம். கேள்வி எல்லோருக்கும் பொதுவானது.

முதன்மை லீக்கில் அவரது கணக்கு 64 வெற்றி, 57 தோல்வி. கையை இழந்தபின், கொலராடோ மாநிலத்தில் இருந்தபடி டிராவெக்கியும் ஜானும் புற்றுநோயாளர்களுக்கும் அவயவம் இழந்தவர்களுக்குமாக ஓர் அமைப்பை நடத்தினார்கள். குணமாகிவிடும் என்ற வாக்குறுதியை அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள், கூட இருந்தார்கள்.