கொட்டியாரக்குடாவில் இறங்கியோரும் உணவளித்தோரும்

கப்பல்கள் துறைமுகங்களை நாடி வருவதற்குரிய காரணங்களுள் வரலாற்றாசிரியர் மிகக் குறைவாகப் பேசுவது பசியாகும். திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் அது ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரான்சியர் கைக்கும் மாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாக இருந்தது. இச்செய்திகளை மாணவர் யாவரும் அறிவர். ஆயின் இத்துறையில் நங்கூரமிட்ட ஒவ்வொரு கப்பலும் முதலில் நாடியவை நன்னீர், விறகு, அரிசி, இறைச்சி என்பனவே. அவற்றைக் கொடுத்தோர் யாவர்? அவர்கள் உண்டது யாது? வந்தோர் அதனை எவ்வாறு அறிந்துகொண்டனர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குக் கோட்டை மதிலை விட்டுக் குடாவின் தென்கரைக்குச் செல்லுதல் வேண்டும்.

மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக்குடாவின் கரையில் அமைந்தது மூதூர். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் சிக்கித் தன் பெரும் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் தேடியும் வணிகம் கருதியும் இக்குடாவை அடைந்தது. அதன் தலைவர் றொபேட் நொக்ஸ். அவருடைய மகனும் அதே பெயரினர். அப்போது பத்தொன்பது வயதினை அண்மியவர். இவ்விளைஞர் பிற்காலத்தில் எழுதி 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் இன்றும் நமக்குப் பெருஞ்சான்றாக விளங்குகின்றது.

முதலில் கப்பலோர் ஊராரை ஐயுற்றனர். இருபது நாட்களளவில் அவ்வையம் நீங்கிற்று. நீங்கியதற்கு நொக்ஸ் கூறும் காரணங்களுள் ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. அவ்விடத்தில் கிடைத்த உணவுப் பொருள்களை மக்கள் விலைக்குத் தந்து அன்புடன் உபசரித்தனர் என்பதே அது. உண்டவர்கள் நம்பினார்கள், நம்பியவர்கள் படைக்கலமின்றிக் கரையேறினார்கள். 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைச் சிறைப்பிடித்தபோது, கப்பல் தலைவர் ஒரு புளியமரத்தின்கீழ் அமர்ந்திருந்தார். பிடிபட்டோர் பதினாறு பேர். வலை விரித்தோர் மன்னனின் அதிகாரிகள். உணவு விற்ற ஊரார்க்கு அதில் பங்கிருந்ததென நொக்ஸ் குற்றஞ்சாட்டவில்லை. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டால் அந்நிகழ்ச்சியை நாம் தவறாக விளங்கிக்கொள்வோம்.

சில நாள் தங்கல் எனத் தொடங்கிய அப்பயணம் நொக்ஸுக்குப் பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வாக முடிந்தது. தந்தையார் 1661இல் இறந்தார். கைதிகள் மலைநாட்டுச் சிற்றூர்களிற் பிரித்து வைக்கப்பட்டு, ஊரார் செலவிலேயே உணவளிக்கப்பட்டனர். அரிசிச் சோறு, உப்பு, கீரை, எலுமிச்சைச் சாறு, மிளகு ஆகியவையே பொதுமக்களின் உணவென்றும், இறைச்சி அரிதென்றும் நொக்ஸ் எழுதினார். கரையில் விலைக்கு வாங்கியுண்டபோது அவர் ஒரு நாட்டின் சுவையை மட்டுமே அறிந்தார். ஊராரின் அடுப்பையே நம்பி வாழ்ந்தபோதுதான் அந்நாட்டின் வறுமையையும் சிக்கனத்தையும் அறிந்தார். பின்னர் அவர் தாமே தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனாகக் கொடுத்தும் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார்.

துறையின் உணவு கிடையாதவர்க்கு நேர்ந்த கதியையும் இக்குடா கண்டது. 1672இல் தெ லா ஹே என்பவரின் தலைமையில் பிரான்சியக் கப்பற்படையொன்று இங்கு வந்தது. மன்னனின் ஆதரவு இருந்தும் உணவுத் தட்டுப்பாடும் நோயும் படையினரை வாட்டின. சில திங்களில் கப்பல்கள் அகன்றன. எஞ்சிய காவற்படை ஒல்லாந்தரிடம் சிக்கியது. பீரங்கிகள் இருந்தும் உணவு வழங்கும் கரை கைகூடாமையே அம்முயற்சி தோற்றமைக்குரிய பெருங்காரணங்களுள் ஒன்று எனலாம்.

இனி, நொக்ஸின் நூலில் உள்ள மற்றொரு குறிப்பை நோக்குவோம். காடுகளில் வாழ்ந்த வேடர், மரத்தைக் குடைந்து அதில் தேனை ஊற்றி, இறைச்சியை இட்டு நிரப்பி, களிமண்ணால் வாயை அடைத்துப் பஞ்சகாலத்திற்கெனப் பாதுகாத்தனர் என்கிறார் அவர். அம்பு முனை வேண்டியபோது, அதன் வடிவில் வெட்டிய இலையொன்றையும் இறைச்சியையும் இரவில் கொல்லனின் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வர் என்றும் குறிப்பிடுகின்றார். பாதுகாக்கப்பட்ட இறைச்சி அவர்க்கு உணவாகவும் நாணயமாகவும் பயன்பட்டதென்பது இதனாற் புலனாகும். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் ஆய்வும் இறைச்சியை உலர்த்திப் பேணும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் கரையோர வேடரைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது.

இவ்வறிவு இக்கரைக்கு மட்டும் உரியதன்று. உலகின் மறுகோடியிலுள்ள கரிபியன் தீவான ஜமேக்காவில் 'ஜேர்க்' எனப்படும் இறைச்சியுணவு புகழ்பெற்றது. உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் 'சார்க்கி' என்னும் கெச்சுவா மொழிச் சொல் ஸ்பானிய மொழி வழியாக வந்து அவ்வாறு திரிந்ததென்பர். 1655இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றிய காலத்தில் மலைகளுக்குத் தப்பியோடிய ஆபிரிக்க அடிமைகளும் அவர்தம் வழியினருமான மரூன்கள், பழங்குடியினரின் முறையோடு தம் முறையையும் இணைத்துக் காட்டுப்பன்றி இறைச்சியில் மசாலை தடவி, பிமெண்டோ மரத்தின் புகையில் வாட்டினர். 1739இல் ஆங்கிலேயர் அவர்களோடு உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. அவ்வெற்றிக்குப் பின்னால், நெடுநாள் கெடாத உணவும் இருந்தது. இன்று உல்லாசக் கப்பல்களில் வந்து சில மணி நேரம் தரிப்போர் அதனை 'உண்மையான உள்ளூர் உணவு' எனத் தேடி உண்கின்றனர். விடுதலைக்காக மறைந்து வாழ்ந்தோரின் உணவு, விடுமுறைக்காக வந்திறங்குவோரின் உணவாயிற்று.

'உண்மையான உள்ளூர் உணவு' என்பதன் பொருள்தான் என்ன? திருகோணமலையின் சமையலை எடுத்துக்கொள்வோம். இன்று சம்பலையும் கறியையும் சிவக்கச் செய்யும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து போர்த்துக்கேயர் காலத்திற் பரவியது. கிழக்கிலங்கையில் அதற்கு வழங்கும் 'கொச்சிக்காய்' என்னும் பெயர் மலையாளக் கரைத் துறையொன்றை நினைவூட்டுகின்றது. சம்பலிற் சேரும் மாசி, அவித்துப் புகையூட்டி உலர்த்திய சூரை மீனாகும். பதினான்காம் நூற்றாண்டில் மாலைதீவில் வாழ்ந்த இபுன் பதூதா, அங்கு மீன் புகையூட்டப்பட்டு இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டதைக் குறித்துள்ளார். ஆகவே, துறைமுகத்து உணவுக்குக் கலப்பின்மை இலக்கணமாகாது. வந்த பொருளைத் தம் வெப்பத்துக்கும் மழைக்கும் பசிக்கும் ஏற்ப மாற்றிக்கொண்ட மக்களின் அறிவே அதன் உண்மை.

2023ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. அவ்வாறு வருவோர் கோணேசர் கோயிலைக் கண்டு, மீன்கறியும் சோறும் உண்டு திரும்பலாம். அது நல்லதே. ஆயின் வேடரின் உலர்ந்த மான் இறைச்சியை அவர்கள் எவ்விலை கொடுத்தும் முறைப்படி பெறவியலாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானைக் காக்கின்றன. அச்சட்டத்தின் தேவையை எவரும் மறுக்கார். எனினும் காடு காக்கப்பட்டபோது, காட்டையே நம்பி வாழ்ந்தோரின் கைத்திறன் ஏட்டிலேனும் காக்கப்பட்டதா என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். 2009 வரை நீடித்த போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரை மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தன. ஓர் ஊர் பெயரும்போது அதன் அடுப்பும் பரணும் பின்தங்கிவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்த அறிவும் தேய்கின்றது.

வேடரின் தேனிறைச்சியை இன்று நாம் அறிவதற்கு ஓர் ஆங்கிலக் கைதியின் நூல் தேவைப்படுகின்றது. இது நொக்ஸுக்குப் பெருமை, நமக்கோ குறை. மூதூரிலும் வெருகலிலும் வாகரையிலும் வாழும் முதியோரிடம், கருவாடு போடும் முறை யாது, புகையூட்டும் விறகு எது, பஞ்சத்தில் உண்ட கிழங்கு எது என்று கேட்டெழுதும் பணி பல்கலைக்கழக மாணவர்க்கு எட்டாததன்று. கோட்டைகளைக் கட்டியோரின் பெயர்கள் கல்லிலும் கடிதத்திலும் இருக்கின்றன. அக்கோட்டைகளுக்குச் சோறிட்டோரின் வரலாறு முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளது. நினைவுக்குக் கல்லின் ஆயுள் இல்லை.