முள் அசையலையா? முதலில் வருஷத்தைப் பாருங்க!

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1961 நடுப்பகுதி வரை பெட்ரோல் மீட்டரே கிடையாது, தெரியுமா? வண்டி திணறினால் காலடியில் இருக்கும் ரிசர்வ் திருகைத் திருப்ப வேண்டும். சுமார் 5 லிட்டர் கிடைக்கும். டேங்க் நிரப்பியதும் அதைப் பழைய நிலைக்கு மாற்ற மறந்தால், அடுத்த முறை நடராஜா சர்வீஸ்தான்!

1962 மாடலில் மீட்டர் வந்தது. அதிலும் மின்சாரம் இல்லை. டேங்கில் ஒரு மிதவை, அதை முள்ளோடு இணைக்கும் கேபிள், அவ்வளவுதான். 1968 மாடலில்தான் மின்சார மீட்டர் வந்தது.

ஆக, பழைய பீட்டிலில் முள் அசையவில்லையா? 1962–67 மாடல் என்றால் கேபிளையும் மிதவையையும் பாருங்கள். அதற்குப் பிந்தியது என்றால் டேங்க் யூனிட், ஒயர், எர்த். இந்த வரலாறு தெரியாமல் ஸ்பானரை எடுத்தால், இல்லாத ஒயரைத் தேடிக்கொண்டிருப்போம்!