கடன்சீட்டும் குடியுரிமையும்: தென் அமெரிக்காவுக்குப் போன சுவிஸ் ஏழைகள்

"படகு நிறைந்துவிட்டது" என்ற வாசகம், அகதிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த நாட்டில் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அதன் வேர் 1942 ஓகஸ்டில் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி எல்லைக்கு வந்த யூதர்களைத் திருப்பியனுப்பும் கொள்கையை நியாயப்படுத்த, அன்றைய சமஷ்டி அமைச்சர் எடுவார்ட் ஃபொன் ஸ்ரைகர் சுவிற்சர்லாந்தை ஆட்கள் நிரம்பிய ஒரு சிறிய உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். அந்த ஒப்புமைதான் பின்னர் சுருங்கி, இன்று நாம் கேட்கும் வாசகமாயிற்று.

அந்தப் பேச்சுக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நாடு தன்னுடைய ஏழைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1855 பெப்ரவரி 27ஆம் திகதி, ஆர்காவ் மாநிலத்தின் றோத்றிஸ்ற் கிராமத்திலிருந்து 305 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். செலவை ஏற்றது ஊர்ச்சபை, அதாவது நாம் 'கெமைண்டே' என்று அறிந்திருக்கும் அமைப்பு. இது தருமம் அல்ல, கணக்கு. சுவிஸ் பிரஜையின் உரிமை அவரது பூர்வீக ஊரிலிருந்தே தொடங்குகிறது. வறுமையில் வீழ்ந்தவரைப் பராமரிக்கும் கடமையும் அன்று அந்த ஊரையே சேர்ந்திருந்தது. ஆண்டுதோறும் சோறு போடுவதைவிட ஒரே தடவையில் கப்பற்கட்டணத்தைக் கொடுத்துவிடுவது ஊருக்கு மலிவாகப் பட்டது.

ஏழைகள் அவ்வளவு பெருகியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, வீட்டுத் தறியை நம்பிப் பிழைத்தவர்களின் தொழிலை இயந்திரம் பறித்தது. மற்றது, 1845இல் ஐரோப்பாவைத் தாக்கிய உருளைக்கிழங்கு நோய். இந்த நோயை நாம் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தோடுதான் தொடர்புபடுத்துவோம். அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர், இன்னும் பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே நோய் சுவிஸ் வயல்களிலும் கிழங்கை அழுகவைத்தது. அயர்லாந்து அளவுக்கு இங்கே சாவு விழவில்லை. ஆனால் கடனும் பசியும் மலைக் கிராமங்களைக் காலிசெய்யத் தொடங்கின.

போனவர்களில் பெரும்பாலோர் வட அமெரிக்காவுக்கே போனார்கள். ஒரு பகுதியினர் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். என் அக்கறை இந்தச் சிறு பகுதியினரைப் பற்றியது. ஏனெனில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே விதமான கிராமங்களிலிருந்து, ஒரே விதமான மனிதர்கள் இரண்டு வழிகளில் பிரிந்து போனார்கள். ஒரு வழி கடனடிமைத்தனத்துக்குக் கொண்டுபோனது. மற்றது நிலவுடைமைக்குக் கொண்டுபோனது. உழைப்பால் உயர்ந்தவர்கள், சோம்பலால் தாழ்ந்தவர்கள் என்று மனிதரைப் பிரிக்கும் பிரசங்கிகள் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும்.

முதல் வழி பிறேசிலின் சாவோ பவுலோ மாகாணத்துக்குப் போனது. இபிகாபா என்ற பெரிய கோப்பித் தோட்டம் செனற்றர் வெர்கெய்ரோ என்பவருக்குச் சொந்தம். அடிமைகளை ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவருவது தடைப்பட்டுவந்த காலம் அது. எனவே வெர்கெய்ரோ ஐரோப்பிய ஏழைகளை வாரக் குடிகளாக அழைத்தார். கோப்பியின் இலாபத்தில் பாதி குடியானவனுக்கு என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் கப்பற்கட்டணம், வந்துசேர்ந்த நாளிலிருந்து உண்ட உணவு, அவற்றுக்கான வட்டி எல்லாம் அவன் பேரில் கடனாக எழுதப்பட்டன. கடனுக்குக் குடும்பம் முழுவதும் கூட்டாகப் பொறுப்பு. தகப்பன் இறந்தால் பிள்ளைகள் அடைக்கவேண்டும். கடன் தீராமல் தோட்டத்தைவிட்டு அகல முடியாது. நிறுவையும் கணக்கும் முதலாளியின் கையில். சுவிஸ் ஊர்ச்சபைகள் பல, கப்பற்கட்டணத்தை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, அதை அறவிடும் வேலையைத் தோட்டத்திடமே விட்டிருந்தன.

கிறாவ்புண்டன் மாநிலத்திலிருந்து 1855இல் அங்கு போன தோமஸ் டவாற்ஸ் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்பதால் மற்றவர்களின் கணக்குகளையும் பார்த்தார். பார்த்ததை எழுத்தில் வைத்தார். 1856 டிசெம்பரில் குடியானவர்கள் அவரைச் சுற்றித் திரண்டதை முதலாளிகள் கலகம் என்றார்கள். டவாற்ஸ் நாடு திரும்பி 1858இல் கூர் நகரில் தன் நூலை வெளியிட்டார். சுவிஸ் அரசு 1860இல் ஜொஹான் யாக்கோப் ஃபொன் சூடி என்ற அறிஞரைத் தூதுவராகப் பிறேசிலுக்கு அனுப்பி நிலைமையை ஆராயவேண்டியதாயிற்று.

எம்மவர்க்கு இந்தக் கதை புதிதல்ல. அதே 1850களில், அதே கோப்பிப் பயிருக்காக, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்ப் பாதையில் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் போனவர்கள் கங்காணியிடம் முற்பணம் வாங்கியவர்கள்தான். பின்னாளில் அந்தக் கடன் 'துண்டு' என்ற ஒரு தாளில் எழுதப்பட்டது. துண்டில் உள்ள தொகையைக் கொடுத்த தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இபிகாபாவின் சுவிஸ்காரனும் மாத்தளையின் தமிழனும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரையும் கட்டிப்போட்ட கயிறு ஒன்றுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சுவிஸ்காரனுக்காக விசாரிக்க ஒரு தூதுவர் கப்பலேறினார்.

இரண்டாவது வழி ஆர்ஜென்ரீனாவுக்குப் போனது. 1853ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரோப்பியக் குடிவரவை ஊக்குவிப்பது அரசின் கடமை என்றது. இனவாதம் கலந்த ஒரு விருப்பம்தான் அது. இருந்தாலும் அதன் 20ஆம் பிரிவு, வெளிநாட்டவர்க்குப் பிரஜைக்குரிய சகல குடியியல் உரிமைகளையும் வழங்கியது. நிலம் வாங்கலாம், தொழில் செய்யலாம், மதத்தை அனுட்டிக்கலாம். இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தால் பிரஜாவுரிமை கேட்கலாம். அங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பாலேயே பிரஜை.

இந்த அடிப்படையில், ஆரோன் காஸ்ரெய்யானோஸ் என்பவர் சாந்தா பே மாகாண அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி 1856இல் எஸ்பெரான்சா குடியிருப்பு உருவாயிற்று. சுமார் 200 குடும்பங்கள். பெரும்பாலோர் சுவிஸ்காரரும் ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும். குடும்பத்துக்கு 33 ஹெக்டேயர் நிலம். ஐந்து ஆண்டுகளுக்கு விளைச்சலில் மூன்றிலொரு பங்கு கொடுக்கவேண்டும், பிறகு நிலம் அவர்களுடையது. முதல் ஆண்டுகளில் வெட்டுக்கிளியும் வறட்சியும் விளைச்சலை அழித்தன. ஆனாலும் கடனுக்கு ஒரு எல்லை இருந்தது, எல்லைக்கு அப்பால் நிலம் இருந்தது. 1857இல் என்ரே றியோஸ் மாகாணத்தில் சான் ஹொசே, 1858இல் வலே மாநிலத்தவரின் சான் ஹெரோனிமோ, 1862இல் உருகுவேயில் நுவேவா எல்வேசியா என்று ஊர்கள் எழுந்தன. கோதுமையை இறக்குமதி செய்துகொண்டிருந்த ஆர்ஜென்ரீனா 1870களின் இறுதியில் அதை ஏற்றுமதி செய்யத் தொடங்கியதில் இந்தக் குடியிருப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

அந்த நாட்டுக்குப் போன ஐரிஷ்காரரிடமும் இதையே காணலாம். வெஸ்ற்மீத், லோங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் மந்தையில் பங்கு என்ற ஏற்பாட்டில் ஆடு மேய்த்து, பெருகிய ஆடுகளை விற்று நிலம் வாங்கினார்கள். தம் பாதிரியார்களையும் பள்ளிகளையும் கொண்டுவந்தார்கள். 1875இல் 'சதர்ன் குறொஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் தொடங்கினார்கள். ஆனால் 1889இல் முகவர்களின் பொய் வாக்குறுதியை நம்பி 'சிற்றி ஒஃப் டிறெஸ்டன்' கப்பலில் வந்திறங்கிய 1,700க்கு மேற்பட்ட ஐரிஷ் ஏழைகளுக்கு வீடும் இல்லை, வாக்களித்த நிலமும் இல்லை. பல குழந்தைகள் இறந்தன. இனம் ஒன்று, நாடு ஒன்று, மதமும் ஒன்று. மாறியது ஏற்பாடு மட்டுமே.

இங்கே ஒன்றை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. எஸ்பெரான்சாவின் நிலம் வெறும் நிலமல்ல. மொகோவி, அபிபோன் போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்து திரிந்த பூமியின் விளிம்பில்தான் அந்த வரைபடம் கீறப்பட்டது. எல்லையை முன்னே தள்ள அரசுக்கு ஏழை வெள்ளைக் குடியானவன் தேவைப்பட்டான். 'குடியேற்றத் திட்டம்' என்ற சொல்லைக் கேட்டாலே கல்லோயாவையும் திருகோணமலையையும் நினைக்கும் நாம், பசியோடு வந்தவனும் இன்னொருவனின் நிலத்தைப் பறிக்கும் கருவியாக்கப்படலாம் என்பதை இங்கேயும் மறக்கக்கூடாது.

அடுத்து, எமது விவாதத்துக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். சாந்தா பேயில் வெளிநாட்டவர்க்கு ஊராட்சித் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. 1890இல் மாகாணத்தின் புதிய அரசியலமைப்பு அதைப் பறித்தது. அடுத்து, கோதுமைக்கு வரி விதிக்கப்பட்டது. குடியானவர்களிற் பெரும்பாலோர் ஆர்ஜென்ரீனப் பிரஜாவுரிமையைக் கேட்டு வாங்கவில்லை. அது இல்லாமலே நிலமும் தொழிலும் கிடைத்திருந்தன, இராணுவச் சேவையும் இல்லை. ஊரோடுள்ள பந்தத்தை ஏன் அறுக்கவேண்டும் என்பது எண்ணம். வரி வந்தபோது எதிர்க்க அவர்களிடம் வாக்கு இருக்கவில்லை. 1893இல் ஹும்போல்ட் முதலிய குடியிருப்புகளின் சுவிஸ், ஜேர்மன் விவசாயிகள் துப்பாக்கியோடு எழுந்தார்கள். அதே ஆண்டு றடிக்கல் கட்சியின் கிளர்ச்சியிலும் சேர்ந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. வாக்குச்சீட்டால் செய்திருக்கவேண்டிய வேலையைத் துப்பாக்கியால் செய்ய முயன்று தோற்றார்கள் என்பதே என் வாசிப்பு.

பந்தம் அறுந்துவிடும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு ஆதாரம் இருந்ததா? 1848ஆம் ஆண்டின் சுவிஸ் அரசியலமைப்பு, எந்த மாநிலமும் ஒரு பிரஜையின் உரிமையைப் பறிக்க முடியாது என்றது. அந்தப் பாதுகாப்பு ஆணுக்கே முழுமையாக இருந்தது. வெளிநாட்டவரை மணந்த பெண் 1952ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தன் உரிமையை இழந்தாள். இந்தக் குறையைச் சொல்லிவிட்டே ஒரு ஒப்பீட்டை வைக்கிறேன். 1848க்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1948இல், இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. கடன் துண்டோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பிறப்புக்குத் துண்டு கேட்டார்கள். எஞ்சியிருந்தோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. வடக்கின் தலைவர்கள் எல்லோரும் அன்று ஒரே குரலில் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை.

வலே மாநிலத்திலிருந்து போனவர்களின் வழியில் வந்த ஒருவர், 2001இல் ஆர்ஜென்ரீனப் பொருளாதாரம் சரிந்தபின், நான் வேலைசெய்யும் தொழிற்சாலைக்கு வந்தார். ஸ்பானிய மொழி தவிர வேறெதுவும் அறியார். ஆனால் கையில் சிவப்புக் கடவுச்சீட்டு. அதில் அவர் கண்டிராத ஒரு மலைக் கிராமம் பூர்வீக ஊராகப் பதிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்துவந்திருக்கிறார்கள். அவரை நான் குறைசொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது நியாயமானது. அதே பட்டறையில், இங்கேயே பிறந்து, இந்த ஊர்த் ஜேர்மனைத் தாய்மொழிபோல் பேசும் தமிழ்ப் பிள்ளை வெளிநாட்டவர். முரண்பாடு அங்கேதான் இருக்கிறது.

இன்று எட்டு இலட்சத்துக்கும் அதிகமான சுவிஸ் பிரஜைகள் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவில் மட்டும் சுமார் 15 ஆயிரம் பேர். 1992 முதல் அவர்கள் சமஷ்டி விடயங்களில் தபாலில் வாக்களிக்கலாம். அதே ஆண்டிலிருந்து இரட்டைக் குடியுரிமையையும் இந்த நாடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உள்ளே வந்தவர்க்கு அளவுகோல் வேறு. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம் காத்திருப்பை 12 ஆண்டிலிருந்து 10 ஆகக் குறைத்தது. கூடவே 'சி' அனுமதி உள்ளவரே விண்ணப்பிக்கலாம் என்றும் ஆக்கியது. தற்காலிக அனுமதியான 'எஃப்' உடன் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் வாசலிலேயே நிற்கிறார். மூன்றாம் தலைமுறைக்கு இலகுவழி தரும் யோசனை 2004இல் தோற்று 2017இல்தான் வென்றது.

எமக்குள்ளும் ஒரு வாதம் நெடுங்காலமாக இருக்கிறது: இந்த நாட்டுக் குடியுரிமையை எடுப்பது மண்ணை மறப்பதாகும் என்று. தென் அமெரிக்கச் சுவிஸ்காரரின் வரலாறு இதற்கு எதிரான சாட்சி. அங்கே பிறப்பால் பிரஜைகளான பிள்ளைகள் வம்சத்தால் சுவிஸ் பிரஜைகளாகவும் இருந்தார்கள். ஒன்று மற்றதைத் தின்னவில்லை. மொழியைத் தின்றது குடியுரிமையல்ல. ஸ்பானியப் பள்ளிக்கூடமும் சந்தையும் அதைச் செய்தன. மொழியைக் காக்க வேண்டுமானால் அதற்கு வேறு வேலை செய்யவேண்டும். கடவுச்சீட்டை மறுப்பதால் ஒரு பிள்ளைகூடத் தமிழ் படிக்கப்போவதில்லை.

நௌஷாத்தல் மாநிலம் 1849இலேயே வெளிநாட்டவர்க்கு ஊராட்சி வாக்குரிமை வழங்கியது. ஜூரா 1979இல் வழங்கியது. மற்றைய மாநிலங்கள் பலவற்றில் கெமைண்டே வரியை நாம் கட்டுகிறோம், கெமைண்டே முடிவில் எமக்குப் பங்கில்லை. 1890இன் சாந்தா பேயில் சுவிஸ் விவசாயிகள் பொறுக்காத நிலைமை இதுதான். நல்ல தொழிலாளி, அமைதியானவன், சொன்னதைச் செய்பவன் என்று எமக்குத் தரப்படும் நற்சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிவைப்பதில் பயனில்லை. விண்ணப்பிக்கக் கூடியவர்கள் விண்ணப்பிக்கட்டும். வாக்குரிமைக்கான கோரிக்கையில் இத்தாலியரோடும் ஸ்பானியரோடும் துருக்கியரோடும் எமது அமைப்புகள் சேர்ந்து நிற்கட்டும். மறுப்பவர்கள் தம் வாதத்தை அடுத்த இதழில் எழுதட்டும்.