‘அணைய பந்துக்கள்’ யார்? நெட்டுக்குப்பத்திலிருந்து ஓர் உத்திரமேரூர் வாசிப்பு

நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் நெட்டுக்குப்பத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதலாமா? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்து மீனவர் ஊரான நெட்டுக்குப்பம் வரை படிந்திருந்தபோது, விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர் ஒருவர் கூடாது என்றார். வலையில் கறுப்பு அப்பிய வீட்டுப் பிள்ளை எழுதினால் அது நலமுரண் என்பது அவர் வாதம். எனக்கு அது அப்போதே உறுத்தியது. பதில் தேடிப் போனபோது அகப்பட்டது, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இரண்டுக்கு இடையிலான வாசக வேறுபாடு.

சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர் ஊர்ச்சபை தன் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுப்பது பற்றிச் செய்த இரு தீர்மானங்களையும் அறியாதவர் இல்லை. 12ஆம் ஆட்சியாண்டினது முந்தையது. 14ஆம் ஆண்டினது பிந்தையது. அவற்றை 919, 921 என்று எழுதுவது வழக்கம். பராந்தகன் பட்டமேறிய ஆண்டை 907 என்று கொண்ட கணக்கு இது. ஓராண்டு முன்பின் ஆகலாம்.

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி ஆய்வுகளில் இந்தச் சபைக்குத் தனி இடம் கொடுத்தார். பிந்தைய தீர்மானத்தை முந்தையதன் திருத்தமாக, ஈராண்டு அனுபவத்தில் கண்ட குறைகளை நீக்கிய செப்பமாகக் காணும் பார்வை அவருடையது. அவருக்குப் பின் வந்த பலரும் அதே தடத்தில் நடந்தார்கள். வாரியங்களின் அமைப்பு, வயது வரம்பு ஆகியவற்றுக்கு அந்த விளக்கம் பொருந்தும். உறவினரை விலக்கும் வாசகத்துக்குப் பொருந்தாது என்பதே என் மறுப்பு.

முந்தைய தீர்மானம், வாரியஞ்செய்து ஒழிந்த பெருமக்களுக்கு ‘அணைய பந்துக்கள்’ அல்லாதாராக இருக்க வேண்டும் என்கிறது. நெருங்கிய உறவினர் என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. எவ்வளவு நெருக்கம் என்பதை யார் தீர்மானிப்பது? அதே பந்துக்கள் நிறைந்த சபைதான். பிந்தைய தீர்மானத்தில் அந்தச் சொல்லின் இடத்தில் ஒரு பட்டியல் நிற்கிறது: சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடும் தகப்பனோடும் உடன்பிறந்தவர்கள், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன். தட்டிக்கழிக்க இடுக்கே விடாத பட்டியல்.

இதைச் செப்பம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இவர்கள் யாருடைய உறவினர்? வாரியஞ்செய்து ஒழிந்த எல்லாருடைய உறவினரும் அல்லர். வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதே இருந்தவர்களின் உறவினர். 919இல் குற்றம் உறவில் இருந்தது. 921இல் அது காட்டாத கணக்குக்கு இடம் மாறுகிறது. விதியின் நோக்கமே வேறாகிவிட்டதைத் திருத்தம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஈராண்டில் யாரோ ஒருவருடைய கணக்கு உண்மையிலேயே மறைந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். கல்லில் பெயர் இல்லை. ஆனாலும் இத்தனை உறவுமுறைகளை ஒருவர் வெறுங்கற்பனையில் எண்ணிச் சொல்லியிருப்பார் என்று நம்ப முடியவில்லை.

சபையின் ஐயம் எவ்வளவு ஆழமானது என்பதை, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையே காட்டுகிறது. உருவறியாத பாலகன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று அஞ்சியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கால்வேலிக்கு மேல் இறைநிலமும், தன் மனையில் கட்டிய அகமும் உள்ளவரே பொதுவாகப் பெயர் எழுதப்படத் தகுதியானவர். ஊரில் தனக்கொரு பங்கு இருப்பது அங்கே தகுதி; தடை அல்ல. (நிலமற்றவர்களை அது வெளியே நிறுத்தியதையும் மறக்கக் கூடாது.)

ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். உத்திரமேரூரில் இருப்பது விலக்கிவைத்தல். ஒரு வழக்கில் மட்டும் தானே விலகிக்கொள்வது அங்கே தெரியவில்லை. விக்கிப்பீடியாவில் பின்னதே வழக்கம்: தொடர்புடையவர் கட்டுரையில் கைவைக்காமல் உரையாடல் பக்கத்தில் திருத்தத்தை முன்வைக்கிறார், ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவினர் தமக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து ஒதுங்குகிறார்கள். ஆனால் ‘நெருங்கிய தொடர்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அங்கும் ‘அணைய பந்துக்கள்’ தகராறுதான் நடக்கிறது. 2014 ஜூனில் விக்கிமீடியா தன் பயன்பாட்டு விதிகளில், கூலி பெற்றுத் திருத்துபவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும் என்று சேர்த்தபோது, கேள்வி உறவிலிருந்து கணக்குக்கு நகர்ந்தது. என் கண்ணுக்கு இது 921இன் நகர்வேதான்.

இந்தியா சார்ந்த பெரிய வழக்கும் இதையே காட்டுகிறது. ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை அதற்குச் சாதகமாகவே பல ஆண்டுகள் திருத்திவந்த ‘வைஃபைஒன்’ என்ற நிர்வாகியை 2015 பிப்ரவரியில் நடுவர் குழு தடைசெய்தது. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவருடைய ஊரையோ உறவையோ தோண்டி எடுத்து வந்த முடிவல்ல அது. ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகியிருந்த வரலாற்றுப் பக்கமே சாட்சி. அது மறைக்க முடியாத கணக்கு.

ஆகவே, நண்பரின் வாதம் 919ஓடு நின்றுவிட்ட வாதம். நெட்டுக்குப்பத்தில் வீடும் வலையும் உள்ளவர் தன் தொடர்பைச் சொல்லிவிட்டு, சான்றோடு எழுதட்டும். முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள ஆலை எதனிடமாவது கூலி வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் எழுதுபவரே, எந்த ஊர்க்காரரானாலும், ஒதுங்க வேண்டியவர்.

921இல் பட்டியல் வந்தபின் ‘அணைய பந்துக்கள்’ விதி கைவிடப்பட்டதா, அதனோடு சேர்ந்தே நடந்ததா என்பதை மட்டும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. பிந்தைய தீர்மானத்தின் மௌனத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். கைவிடப்பட்டது என்ற பக்கமே நான் சாய்கிறேன்.