பாத்திரம் கழுவின தண்ணியும் ஆக்னஸ் அக்காவும்

பாத்திரம் கழுவுற லிக்விடை வச்சு பாத்திரம் மட்டும்தான் கழுவணும்னு எந்தச் சட்டத்திலயும் இல்லை. எங்க வீட்டுல அது பார்க்கிற வேலைக்குத் தனியா சம்பளமே கொடுக்கலாம். சிலிண்டர் மாத்தினதும் ரெகுலேட்டர் பக்கம் நுரைத் தண்ணி தடவிப் பார்ப்போம், குமிழ் விட்டா லீக். (தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற மாவீரர்கள் இன்னமும் இருக்காங்க. ஐயா சாமி, வேண்டாம்.) வாழைப்பழத்தைச் சுத்துற குட்டி ஈக்களுக்கு ஒரு கிண்ணத்துல வினிகர், அதுல ஒரு சொட்டு லிக்விட். பாத்ரூம் கண்ணாடியில மெலிசா தடவித் துடைச்சு விட்டா, வெந்நீர்ல குளிச்சு முடிச்ச பிறகும் முகம் தெரியும். கரப்பான் மேல அடிச்சா அதோட மூச்சுத் துளைகள்ல தண்ணி புகுந்து ஆள் காலி. இதுல தங்கமணி கைதேர்ந்தவங்க, நான் வெறும் பார்வையாளர் :-)

பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலைகள். ஆனா எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே சங்கதி. பத்தாங்கிளாஸ்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி மறந்து போன 'பரப்பு இழுவிசை'தான் அது. தண்ணியோட மேல்பரப்பு இழுத்துக் கட்டின தோல் மாதிரி நடந்துக்குது. அதனாலதான் ஈ வினிகர் மேல வந்து சொகுசா உட்கார முடியுது. அறை வெப்பநிலையில சுத்தமான தண்ணிக்கு இந்த இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தா 25, 30னு இறங்கிடும். தோல் தளர்ந்ததும் ஈ முங்கிடுது. கண்ணாடியில முத்து முத்தா நிக்க வேண்டிய நீராவி ஒரே படலமா பரவிடுது. வாயு உள்ளே தள்ளினா உடையாம குமிழா உப்புது.

இதெல்லாம் கெமிஸ்ட்ரி. நான் சொல்ல வந்தது ஒரு கதை, அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்னு ஒரு ஊர். 1880-களின் தொடக்கம். அங்கே ஒரு வீட்டு அடுப்படி.

அந்த வீட்டுப் பொண்ணு பேரு ஆக்னஸ் பொக்கெல்ஸ். 1862-ல வெனிஸ் நகரத்துல பிறந்தவங்க. அப்பா ஆஸ்திரிய ராணுவத்துல இருந்தவர். மலேரியாவுல உடம்பு கெட்டுப் போய் வேலையை விட்டதும், 1871-ல குடும்பம் பிரவுன்ஷ்வைக்குக்கு வந்துடுச்சு. ஆக்னஸுக்கு இயற்பியல் மேல தீராத ஆசை. ஆனா பெண்கள் பள்ளிக்கூடத்தோட படிப்பு முடிஞ்சுது, அப்போ அங்கே பல்கலைக்கழகத்துல பெண்களைச் சேர்க்க மாட்டாங்க. மூணு வயசு சின்னவரான தம்பி ஃப்ரீட்ரிஷ் கோட்டிங்கன் போய் இயற்பியல் படிச்சார். அக்கா வீட்டுல அப்பா அம்மாவுக்குப் பணிவிடை, சமையல், பாத்திரம். தம்பி நல்ல மனுஷன், பாடப் புத்தகங்களை அக்காவுக்குக் கொடுப்பார். (லேசர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்குப் 'பொக்கெல்ஸ் விளைவு' தெரிஞ்சிருக்கும். அது இந்தத் தம்பி பேருதான்.)

தினமும் கோடிக்கணக்கான பெண்கள் முகம் சுளிச்சுக்கிட்டுக் கொட்டுற எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணியை இந்தப் பொண்ணு உட்கார்ந்து கவனிச்சிருக்காங்க. தம்பி மனைவி பின்னாளில் எழுதின நினைவுக் குறிப்புல இது இருக்கு. சும்மா வேடிக்கை பார்த்துட்டு விடல. சுமார் 20 வயசுல ஒரு கருவியே செஞ்சுட்டாங்க.

கருவின்னதும் பெருசா கற்பனை பண்ணாதீங்க. 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழத்துல ஒரு தகரத் தொட்டி. அதுல விளிம்பு வரைக்கும் தண்ணி. தொட்டிக்குக் குறுக்கே, தண்ணியைத் தொட்டபடி ஒரு தகரப் பட்டை. பட்டையைத் தள்ளினா ஒரு பக்கம் பரப்பு சுருங்கும், இன்னொரு பக்கம் விரியும். பரப்போட இழுவிசையை அளக்க, பட்டன் சைஸுல ஒரு சின்ன வில்லை. அதைத் தண்ணி மேல ஒட்ட வச்சு, பிய்ச்சு எடுக்க எவ்வளவு எடை தேவைப்படுதுன்னு ஒரு சின்னத் தராசுல பார்க்கணும். அவ்வளவுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. தண்ணி மேல படிஞ்சிருக்கிற அழுக்கு, கண்ணுக்கே தெரியாத அளவா இருந்தாலும் அளவீட்டைக் கெடுத்துடும். அக்கா என்ன பண்ணாங்கன்னா, பட்டையையே துடைப்பமா ஆக்கிட்டாங்க. பட்டையை ஓரத்துல இருந்து தள்ளிக்கிட்டே வந்தா அழுக்கெல்லாம் முன்னாடி ஓடிடும், பின்னாடி வர்றது புத்தம் புதுப் பரப்பு. நம்ம தொழில்ல சொன்னா, ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் அழிச்சிட்டுச் சுத்தமா ஆரம்பிக்கிற டெஸ்ட் மாதிரி. நாலு வருஷம் எஞ்சினியரிங் லேப்ல ரீடிங்கை ரெகார்டு நோட்டுல இருந்து காப்பியடிச்ச நமக்கெல்லாம் இது உறைக்கணும்.

அடுத்து வந்ததுதான் கண்டுபிடிப்பு. பரப்பு மேல துளி எண்ணெய் விட்டுப் பட்டையால இறுக்கிக்கிட்டே போனா, ஒரு எல்லை வரைக்கும் இழுவிசையில மாற்றமே இல்லை. ஏதோ சுத்தத் தண்ணி மாதிரியே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினதும் சடார்னு இறங்க ஆரம்பிக்கும். ஏன் அப்படி?

சுமார் பத்து வருஷம் இந்தக் குறிப்புகள் வீட்டுலயே கிடந்துச்சு. பட்டம் இல்லாத, ஆய்வகம் இல்லாத பொண்ணு எங்கே போய்ப் பிரசுரிக்கிறது? இங்கிலாந்துல ராலே பிரபு இதே விஷயத்துல ஆராய்ச்சி பண்றார்னு படிச்சு, 1891 ஜனவரி 10-ஆம் தேதி அவருக்கே ஜெர்மன்ல ஒரு கடிதம் எழுதினாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 28. எனக்கும் இப்போ 28. இதுவரை நான் யாருக்கும் எழுதின பெரிய கடிதம் லீவ் லெட்டர்தான்.

ராலே அந்தக் கடிதத்தைக் குப்பையில போட்டிருக்கலாம். இல்ல, கமுக்கமா உள்ளே இருக்கிறதைத் தன்னோடதா ஆக்கியிருக்கலாம். மனுஷன் ரெண்டும் பண்ணல. மனைவியை விட்டு ஆங்கிலத்துல மொழிபெயர்க்க வச்சு, வீட்டுச் சாமான்களை வச்சே மதிப்புள்ள முடிவுகளுக்கு வந்திருக்காங்கன்னு ஒரு குறிப்பும் சேர்த்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். மார்ச் 12-ல அச்சாயிடுச்சு. ராலேவும் தன் வீட்டுலதான் லேப் வச்சிருந்தார். என்ன, அது பிரபு வீட்டு மாளிகை, இது அடுப்படி.

'ஏன் சடார்னு இறங்குது'ங்கிற கேள்விக்கு 1899-ல ராலேயே ஒரு பதில் சொன்னார். அந்த எல்லையில எண்ணெய் மூலக்கூறுகள் தோளோடு தோள் இடிச்சு நிக்குது, அதாவது படலத்தோட தடிமன் ஒரே ஒரு மூலக்கூறு. கணக்குப் போட்டா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்கு வருது. அணு நிஜமாவே இருக்கான்னு பெரிய பெரிய ஆட்களே சந்தேகப்பட்டுக்கிட்டிருந்த காலத்துல, மூலக்கூறோட சைஸை ஒரு தகரத் தொட்டி காட்டிக் கொடுத்திருக்கு!

அக்கா தொடர்ந்து எழுதினாங்க. ஆனா பெத்தவங்களுக்கு உடம்பு முடியாம போச்சு, வீட்டு ஆணி ஜாஸ்தியாச்சு. 1913-ல தம்பி இறந்துட்டார். அப்புறம் போர். வேலை ஏறக்குறைய நின்னே போச்சு.

அமெரிக்காவுல இர்விங் லாங்மியூர் அதே மாதிரித் தொட்டியை இன்னும் செம்மையாக்கி 1917-ல பெரிய கட்டுரை வெளியிட்டார். பரப்பு வேதியியலுக்காக 1932-ல அவருக்கு நோபல் பரிசு. அவர் திறமைசாலி, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா கருவிக்கு 'லாங்மியூர் தொட்டி'ன்னு அவர் பேரே நிலைச்சதுல எனக்கு வருத்தம் உண்டு.

அதே 1932-ல, பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆக்னஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவங்களுக்கு அப்போ வயசு 70. மூணு வருஷம் கழிச்சு, 1935 நவம்பர்ல காலமானாங்க. அந்தப் பல்கலைக்கழகத்துல பள்ளிப் பிள்ளைங்க வந்து சோதனை செஞ்சு பார்க்க ஒரு ஆய்வகம் இருக்கு. அதுக்கு அக்கா பேருதான் வச்சிருக்காங்க.